வேர்டிலும் ரைட்டரிலும் வடிவமைப்பு வசதிகளை இயக்குவது, நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் விண்டோஸில் ஓடும் மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கும் லிப்ரேஆஃபிஸ் ரைட்டருக்கும் உரியவை. மேக்கில் வேர்டு வைத்திருப்பவர்களுக்குச் சில மெனுக்கள் இடம் மாறியிருக்கும். ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் அங்கே டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. கூகுள் டாக்ஸ் பற்றி ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் உண்டு.

ஒரு வசதியை நிறுத்திவிட்டேன். ஆனாலும் பழைய மாற்றம் அப்படியே நிற்கிறதே, ஏன்?

"இனிமேல் செய்யாதே" என்பது ஒரு கட்டளை, "செய்ததை எடுத்துவிடு" என்பது வேறொரு கட்டளை. தானியங்கி வசதிகளின் டிக்கை எடுத்தால் முதலாவது மட்டுமே நடக்கும். ஏற்கெனவே விழுந்த கோடு, எண், நீல நிற இணைப்பு எல்லாம் அப்போதே உங்கள் கோப்பின் பகுதியாகிவிட்டன. அவற்றைத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வடிவமைப்பு ஐந்து இடங்களில் குடியிருக்கிறது: எழுத்தில், பத்தியில், ஸ்டைலில் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்புத் தொகுப்பில்), கோப்பு முழுவதில், நிரலின் அமைப்பில். எந்த இடத்தில் இயக்கப்பட்டதோ அந்த இடத்தில்தான் அதை நிறுத்த முடியும். ஸ்டைலிலிருந்து வரும் இடைவெளியைப் பத்தி பத்தியாகத் திருத்துவதும், பத்தியின் கரைக்கோட்டை எழுத்தைப் போல அழிக்கப் பார்ப்பதும் நேரத்தைத் தின்னும் வேலைகள். "நிறுத்த மறுக்கிறது" என்று தோன்றும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான்.

தட்டச்சு செய்யும்போதே வேர்டு எதையாவது மாற்றிவிடுகிறது. எங்கே நிறுத்துவது?

ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ப்ரூஃபிங் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். திறக்கும் பெட்டியில் இரண்டு தாவல்களின் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்: "ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்", "ஆட்டோஃபார்மட்". பலர் தடுமாறும் இடம் இது. இரண்டாவது தாவலில் உள்ளவை, ஆட்டோஃபார்மட் கட்டளையை நீங்களே இயக்கும்போது (ஆல்ட் + கண்ட்ரோல் + கே) மட்டும் வேலை செய்யும். தட்டச்சின்போது நடப்பதை ஆள்வது முதலாவது தாவல். அங்கே டிக்கை எடுக்காமல் இரண்டாவதில் எடுத்துவிட்டு, "நிறுத்தியும் நிற்கவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

மொத்தமாக எல்லா டிக்கையும் எடுத்துவிடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வளைந்த மேற்கோள் குறி, இரட்டை ஹைஃபனை நீளக்கோடாக மாற்றுவது ஆகிய இரண்டும் கட்டுரை எழுதுபவர்களுக்கு உதவும். நிரல்வரிகளையோ கட்டளைகளையோ எழுதுபவர்கள் அந்த இரண்டையும் கட்டாயம் நிறுத்த வேண்டும்; வளைந்த மேற்கோள் குறியோடு நகலெடுத்த நிரல்வரி ஓடாது. தானியங்கிக் கரைக்கோடு, தானியங்கி எண் பட்டியல், டேப் விசையால் பத்தி உள்தள்ளலை மாற்றுவது ஆகிய மூன்றும் பெரும்பாலோருக்கு உதவுவதைவிடத் தொந்தரவு தருபவை. அவற்றை எடுத்துவிடலாம்.

வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதே பெட்டியின் "ஆட்டோகரெக்ட்" என்ற முதல் தாவலில் இருக்கிறது. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் தமிழ் வரிகளை அது தொடாது. நடுவே வரும் ஆங்கிலச் சொற்களில்தான் கைவைக்கும். அடைப்புக்குறிக்குள் ஆங்கில சி எழுத்தை அடித்தால் © ஆக மாறுவதும் இந்தத் தாவலின் வேலையே. கீழே உள்ள மாற்றுப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்து டெலிட் கொடுங்கள், மற்றவை இருக்கட்டும்.

வசதி வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம். முடியுமா?

முடியும். மாற்றம் நடந்த உடனே, வேறெந்த விசையையும் தொடாமல், கண்ட்ரோல் + இசட் ஒருமுறை அழுத்துங்கள். தானியங்கி மாற்றம் மட்டும் பின்வாங்கும், நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும். 1/2 என்று அடித்து இடைவெளி விட்டதும் ½ ஆகிறது. கண்ட்ரோல் + இசட், மீண்டும் 1/2. எழுத்துகள் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வேர்டும் ரைட்டரும் தானியங்கி மாற்றத்தைத் தனி ஒரு படியாகவே கணக்கில் வைக்கின்றன.

வேர்டில் மாற்றம் நடந்த இடத்தருகே சில நேரம் மின்னல் வடிவச் சிறு பொத்தானும் தோன்றும். அதைச் சொடுக்கினால் இந்த ஒருமுறை மட்டும் திரும்பப் பெறலாம், அல்லது அந்த வசதியை நிரந்தரமாக நிறுத்தலாம்.

வளைந்த மேற்கோள் குறிகளை நிறுத்தினேன். ஏற்கெனவே நூறு இடங்களில் வளைந்தவை இருக்கின்றன.

முதலில் வசதியை நிறுத்துங்கள். பிறகு கண்ட்ரோல் + எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் " குறியும் மாற்றும் கட்டத்தில் அதே " குறியும் இட்டு "ரிப்ளேஸ் ஆல்" கொடுங்கள். வேர்டின் தேடலுக்கு நேர்க்குறி, வளைந்த குறி இரண்டும் ஒன்றே. மாற்றி எழுதும்போது மட்டும் அப்போதைய அமைப்பைப் பார்க்கும். எனவே எல்லாம் நேர்க்குறியாகிவிடும். ஒற்றை மேற்கோளுக்கும் இதையே தனியாக ஒருமுறை செய்யுங்கள். வசதியை நிறுத்தாமல் செய்தால் எல்லாம் வளைந்த குறியாகும். அதுதான் வேண்டுமென்றால் அதற்கும் இதே வழி.

ரைட்டரில் இவை எங்கே?

டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அங்கே "ஆப்ஷன்ஸ்" தாவலில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு டிக் கட்டங்கள் இருக்கும், மேலே எம் (M), டி (T) என்ற எழுத்துகளோடு. டி என்பது தட்டச்சு செய்யும்போது. எம் என்பது ஏற்கெனவே உள்ள உரையின் மீது ஆட்டோகரெக்ட்டை நீங்களே இயக்கும்போது. எரிச்சலூட்டுவதை நிறுத்த டி கட்டத்தின் டிக்கை எடுத்தால் போதும். மேற்கோள் குறி மட்டும் "லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற தனித் தாவலில் இருக்கிறது.

பாதி அடித்த சொல்லை ரைட்டர் தானாக முடித்துவைத்தால் "வேர்டு கம்ப்ளீஷன்" தாவலுக்குப் போங்கள். முழுவதும் நிறுத்தாமல், குறைந்தபட்சச் சொல் நீளத்தை 8-லிருந்து 12 போல உயர்த்திப் பார்க்கலாம். நீளமான சொற்களுக்கு உதவி கிடைக்கும், சின்னச் சொற்களில் குறுக்கீடு இருக்காது.

மூன்று கோடு போட்டு என்டர் அடித்தேன். பக்கம் முழுக்க ஒரு கோடு வந்துவிட்டது, அழியவே மாட்டேன் என்கிறது.

அது எழுத்து இல்லை, மேலே உள்ள பத்தியின் கீழ்க்கரை. அதனால்தான் பேக்ஸ்பேஸுக்கும் டெலிட்டுக்கும் அசையாது. கோட்டின் மேல் கர்சரை வைக்கவும் முடியாது. வேர்டில் --- மெல்லிய கோடாகும், === இரட்டைக் கோடு, ___ தடித்த கோடு, *** புள்ளிக்கோடு, ~~~ அலைக்கோடு, ### மூன்று அடுக்குக் கோடு.

நீக்குவதற்குக் கர்சரைக் கோட்டுக்கு மேலே உள்ள பத்தியில் வையுங்கள். ஹோம் தாவலில் பார்டர்ஸ் பொத்தானின் அம்புக்குறியைச் சொடுக்கி "நோ பார்டர்" தேர்ந்தெடுங்கள். ரைட்டரில் அந்தப் பத்தியில் கர்சரை வைத்து ஃபார்மட் → பாராகிராஃப் → பார்டர்ஸ் போய்க் கரை இல்லாத அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கர்சரைக் கோட்டுக்குக் கீழே வைத்துச் செய்தால் ஒன்றும் நடக்காது. பல பேர் தோற்பது இந்த ஒரு வரி வித்தியாசத்தில்தான். கோட்டுக்கு மேலே இருப்பது வெற்றுப் பத்தி என்றால் கண்ணுக்குத் தெரியாது. பத்தி முடிவைக் காட்டும் ¶ குறியைக் காட்டச் செய்துவிட்டு (வேர்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8, ரைட்டரில் கண்ட்ரோல் + எஃப்10) தேடுங்கள்.

1. என்று தொடங்கினாலே பட்டியல் ஆகிவிடுகிறது. வெளியே வருவது எப்படி?

வெற்று எண்ணில் மீண்டும் என்டர் அழுத்தினால் பட்டியல் முடியும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எண் மட்டும் போகும், உள்தள்ளல் நிற்கும். அதே உருப்படியின் இரண்டாவது பத்தியை எழுத அது நல்ல வழி. மேலும் அழுத்தினால் ஓரத்துக்கு வந்துவிடும். எண் ஏறாமல் அதே உருப்படிக்குள் புதிய வரி வேண்டுமென்றால் ஷிஃப்ட் + என்டர்.

கண்ட்ரோல் + பி அழுத்தினால் போல்ட் வந்து போகிறது, சரி. தலைப்பில் மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது?

தலைப்பின் பத்தி ஸ்டைலிலேயே போல்ட் இருக்கலாம். அப்போது கண்ட்ரோல் + பி அந்த எழுத்துகளுக்கு "போல்ட் வேண்டாம்" என்ற நேரடிக் கட்டளையை ஒட்டுகிறது. வேண்டாம் என்பதும் ஒரு வடிவமைப்புதான். அது அங்கேயே இருக்கும், பிறகு ஸ்டைலை மாற்றினாலும் பின்தொடரலாம்.

இதைவிட வியப்பானது எழுத்து ஸ்டைல். "ஸ்ட்ராங்" என்ற எழுத்து ஸ்டைலைச் சாதாரணப் பத்தியில் ஒரு சொல்லுக்குக் கொடுத்தால் தடிக்கும். அதே ஸ்டைலைப் போல்ட் தலைப்புக்குள் ஒரு சொல்லுக்குக் கொடுங்கள்: மற்றவை தடித்திருக்க, அந்தச் சொல் மட்டும் மெலிந்து நிற்கும். இது பிழை அன்று. வேர்டில் போல்ட், இட்டாலிக் போன்றவை மாற்று விசைப் பண்புகள். பத்தி ஸ்டைலும் எழுத்து ஸ்டைலும் இரண்டுமே "இயக்கு" என்றால் ஒன்றை ஒன்று ரத்து செய்யும். சாய்வெழுத்துப் பத்திக்குள் வலியுறுத்தும் சொல் நேராக நிற்க வேண்டும் என்ற அச்சு மரபுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. இந்த நடத்தை வேண்டாமென்றால் நிறத்தாலோ வேறு எழுத்துருவாலோ வேறுபடும் எழுத்து ஸ்டைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த விசை?

எதைத் துடைக்க வேண்டும் என்பதைப் பொறுத்து. வேர்டில் மூன்று உண்டு.

கண்ட்ரோல் + ஸ்பேஸ்: தேர்ந்த எழுத்துகளின் போல்ட், நிறம், எழுத்துரு, அளவு ஆகிய நேரடி மாற்றங்களை நீக்கி ஸ்டைலுக்குத் திருப்பும்.
கண்ட்ரோல் + கியூ: பத்தியின் சீரமைப்பு, உள்தள்ளல், இடைவெளி, கரை ஆகியவற்றை ஸ்டைலுக்குத் திருப்பும். நேரடியாகப் போட்ட பட்டியல் எண்ணும் இதில் போய்விடும், கவனம்.
கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என்: பத்தியின் ஸ்டைலையே "நார்மல்" ஆக்கும்.

ஹோம் தாவலில் உள்ள அழிப்பான் பொத்தான் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்யும். தலைப்பு ஸ்டைல்களும் போய்விடும் என்பதால் கோப்பு முழுவதையும் தேர்ந்துவிட்டு அதை அழுத்துவது பெரிய சேதம். ஹைலைட் நிறம் மட்டும் இவற்றில் எதற்கும் போகாது. அதை ஹைலைட் பொத்தானில் "நோ கலர்" கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ரைட்டரில் கண்ட்ரோல் + எம் நேரடி வடிவமைப்பை நீக்கும், ஸ்டைல்களைத் தொடாது. எழுத்து ஸ்டைலை நீக்க ஸ்டைல் பட்டியலில் "நோ கேரக்டர் ஸ்டைல்" தேர்ந்தெடுங்கள்.

உங்கள் விசைப்பலகை மென்பொருள் கண்ட்ரோல் + ஸ்பேஸை மொழி மாற்றத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தால் அது வேர்டுக்குப் போய்ச் சேராது. அந்த மென்பொருளின் குறுக்குவிசையை மாற்றுங்கள்.

ஸ்டைலை மாற்றினால் சில சொற்களில் போல்ட் போய்விடுகிறது, சிலவற்றில் தங்குகிறது. ஒழுங்கே இல்லையே?

ஒழுங்கு இருக்கிறது. ஒரு பத்தியில் பாதிக்கு மேற்பட்ட எழுத்துகளுக்கு நேரடியாகப் போல்ட் கொடுத்திருந்தால், அது பத்தியின் தோற்றம் என்று கருதி, புதிய பத்தி ஸ்டைல் வரும்போது வேர்டு அதை நீக்கிவிடும். பாதிக்குக் கீழே என்றால் வலியுறுத்தல் என்று கருதி வைத்துக்கொள்ளும். நீளமான பத்தியில் மூன்று சொற்கள் தடித்திருந்தால் அவை தப்பும். இரண்டு சொல் கொண்ட துணைத்தலைப்பில் நீளமான ஒன்று தடித்திருந்தால் அது போய்விடும். வலியுறுத்தலை எழுத்து ஸ்டைலாகக் கொடுத்து வந்தால் இந்தக் கணக்கில் சிக்காது.

ஒரே ஒரு பத்தியை நடுவில் சீரமைத்தேன். கோப்பு முழுக்க நடுவுக்கு வந்துவிட்டது!

அந்த ஸ்டைலில் "ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்" இயங்குகிறது. உடனே கண்ட்ரோல் + இசட். பிறகு ஸ்டைல்ஸ் பட்டியலில் அந்த ஸ்டைலை வலது சொடுக்கி "மாடிஃபை" திறந்து, கீழே உள்ள அந்த டிக்கை எடுங்கள். ரைட்டரில் ஸ்டைலைத் திருத்தும் பெட்டியின் முதல் தாவலில் "ஆட்டோஅப்டேட்" என்று இருக்கும்.

கோப்பை மூடித் திறக்கும்போதெல்லாம் ஸ்டைல்கள் மாறினால் காரணம் வேறு. டெவலப்பர் தாவலில் "டாகுமென்ட் டெம்ப்ளேட்" திறந்து, "ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் டாகுமென்ட் ஸ்டைல்ஸ்" டிக் உள்ளதா பாருங்கள். அது இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வார்ப்புரு உங்கள் ஸ்டைல்களை மேலெழுதும்.

¶ குறிகளை மறைக்க முடியவில்லை.

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அவற்றைக் காட்டும், மறைக்கும். ரைட்டரில் கண்ட்ரோல் + எஃப்10. மறைய மறுத்தால் ஃபைல் → ஆப்ஷன்ஸ் → டிஸ்ப்ளே போங்கள். "எப்போதும் காட்டு" என்ற பகுதியில் டிக் போட்ட குறிகளைப் பொத்தானால் மறைக்க முடியாது.

மறைத்தே வைத்திருக்காதீர்கள் என்பது எங்கள் பரிந்துரை. வேர்டில் பத்தியின் வடிவமைப்பு அந்த ¶ குறியில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து நகலெடுத்தால் வடிவமைப்பு கூடவே வரும், அதை விட்டுவிட்டு நகலெடுத்தால் பெரும்பாலும் வராது. வேர்ட்பர்ஃபெக்ட் என்ற வேறொரு எழுத்துச் செயலியில் பழகியவர்கள் ஆல்ட் + எஃப்3 அழுத்தி, போல்ட் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று குறிகளைப் பார்த்தே திருத்துவார்கள். வேர்டில் அந்த மாதிரித் தொடக்க-முடிவுக் குறிகள் இல்லை. அதற்கு மாற்று ஷிஃப்ட் + எஃப்1. கர்சர் உள்ள இடத்தில் என்ன வடிவமைப்பு, எது எழுத்திலிருந்து, எது பத்தியிலிருந்து என்று பக்கப் பலகையில் காட்டும். ரைட்டர் 7.6 முதல் ஸ்டைல்கள் பலகையின் கீழே "ஸ்பாட்லைட்" என்ற டிக் உண்டு. எந்தப் பத்தியில் எந்த ஸ்டைல் என்று நிறத்தாலும் எண்ணாலும் ஓரத்தில் தெரியும்.

வரி ஓரத்தில் சொற்கள் ஹைஃபனோடு உடைகின்றன.

வேர்டில் இது கோப்பு முழுவதற்குமான அமைப்பு: லேஅவுட் → ஹைஃபனேஷன் → நன். ஒரு பத்திக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால் பாராகிராஃப் பெட்டியின் "லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்" தாவலில் "டோன்ட் ஹைஃபனேட்". ரைட்டரில் இது பத்தியின் பண்பு. ஃபார்மட் → பாராகிராஃப் → டெக்ஸ்ட் ஃப்ளோ. எல்லா இடத்திலும் நிற்க வேண்டுமென்றால் பத்தி ஸ்டைலில் அதே தாவலைத் திருத்துங்கள்.

நிறுத்திய பிறகும் சில சொற்கள் உடைகின்றனவா? யாரோ "மேனுவல்" முறையில் ஓட்டியிருப்பார்கள், அல்லது கண்ட்ரோல் + ஹைஃபன் அழுத்தியிருப்பார்கள். அவை எழுத்தாகவே கோப்பில் புகுந்த விருப்ப ஹைஃபன்கள். வேர்டில் கண்ட்ரோல் + எச், தேடும் கட்டத்தில் ^- இட்டு, மாற்றும் கட்டத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பக்கத்தின் அடியில் இடம் இருந்தும் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது.

¶ குறிகளைக் காட்டச் செய்து, பத்தியின் இடது ஓரத்தில் சிறிய கறுப்புச் சதுரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் "கீப் வித் நெக்ஸ்ட்", "கீப் லைன்ஸ் டுகெதர்", "பேஜ் பிரேக் பிஃபோர்" இவற்றில் ஒன்று இயங்குகிறது என்று பொருள். "லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்" தாவலில் டிக்கை எடுங்கள். தலைப்புகளில் முதலாவதை எடுக்க வேண்டாம், எடுத்தால் தலைப்பு ஒரு பக்கமும் உள்ளடக்கம் மறுபக்கமும் போய்விடும்.

அடிக்க அடிக்க வலப்பக்க எழுத்துகள் காணாமல் போகின்றன.

மேலெழுதும் முறை இயங்குகிறது. ரைட்டரில் இன்சர்ட் விசையை ஒருமுறை அழுத்துங்கள். வேர்டில் ஃபைல் → ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு போய் ஓவர்டைப் சம்பந்தப்பட்ட இரண்டு டிக்குகளையும் எடுங்கள்.

டிராக் சேஞ்சஸை நிறுத்தினேன், சிவப்புக் குறிகள் போகவில்லை.

நிறுத்தினால் புதிய மாற்றங்கள் பதிவாகாது, அவ்வளவுதான். பழையவற்றை ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டும். "நோ மார்க்கப்" தேர்ந்தால் கண்ணுக்கு மறையுமே தவிர கோப்பில் இருக்கும். அப்படியே அனுப்பினால் பெறுபவர் நீங்கள் நீக்கிய வரிகள் அனைத்தையும் படிக்கலாம். குறுக்குவிசை வேர்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ, ரைட்டரில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. பொத்தான் மங்கலாக இருந்தால் யாரோ கடவுச்சொல் இட்டுப் பூட்டியிருக்கலாம்.

எல்லா இணைப்புகளையும் ஒரே அடியில் நீக்கலாமா?

வேர்டில் தேர்ந்த பகுதியில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9. ஆனால் அது இணைப்பை மட்டும் தேர்ந்து நீக்குவதில்லை. அந்தப் பகுதியில் உள்ள பொருளடக்கம், குறுக்குக் குறிப்பு, படத்தின் வரிசை எண் ஆகிய எல்லாப் புலங்களையும் வெறும் எழுத்தாக்கிவிடும், பிறகு அவை புதுப்பிக்கப்படா. கோப்பு முழுவதையும் தேர்ந்து இதைச் செய்யாதீர்கள்.

ஒட்டும்போது வெளி வடிவமைப்பு வரக்கூடாது.

வேர்டில் ஒட்டிய உடனே கண்ட்ரோல் விசையைத் தட்டிவிட்டு டி (T) அழுத்தினால் உரை மட்டும் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு பகுதியில் "பேஸ்ட்டிங் ஃப்ரம் அதர் புரோகிராம்ஸ்" என்பதை "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" ஆக்குங்கள். ரைட்டரில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி.

ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றினேன். ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் மாறவில்லை.

தமிழை இரண்டு நிரல்களும் சிக்கலான எழுத்துமுறை என்ற தனி வகுப்பில் வைத்து, அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு, தனிப் போல்ட் என்று சேமிக்கின்றன. வேர்டில் ஸ்டைலின் "மாடிஃபை" → ஃபார்மட் → ஃபான்ட் திறந்தால் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற பகுதி இருக்கும். அங்கேதான் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால் ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜ் போய்த் தமிழைத் தொகுக்கும் மொழியாகச் சேர்த்து, வேர்டை மூடித் திறங்கள். ரைட்டரில் டூல்ஸ் → ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" டிக்கை இடுங்கள். அதன்பிறகு எழுத்துப் பெட்டியில் தமிழுக்கான வரிசை தோன்றும்.

கூகுள் டாக்ஸில்?

டூல்ஸ் → பிரிஃபரன்சஸ். பட்டியலைக் கண்டறிவது, இணைப்பைக் கண்டறிவது, வளைந்த மேற்கோள், மார்க்டவுன் எல்லாம் அங்கே ஒரே பக்கத்தில் உள்ளன. பக்கத்துத் தாவலில் 1/2 போன்ற மாற்றீடுகள். வடிவமைப்பை நீக்கக் கண்ட்ரோல் + \.

என் கணினியில் நிறுத்தியதை, கோப்போடு சேர்த்து இன்னொருவருக்கு அனுப்ப முடியுமா?

ஆட்டோகரெக்ட், மேலெழுதும் முறை, ஒட்டும் முறை எல்லாம் நிரலின் அமைப்பு, கோப்போடு போகாது. அடுத்தவர் கணினியில் மூன்று கோடு போட்டால் கரை வரும். ஹைஃபனேஷன், டிராக் சேஞ்சஸ், ஸ்டைல்களின் ஆட்டோ அப்டேட், கீப் வித் நெக்ஸ்ட் எல்லாம் கோப்புக்குள் இருப்பவை, கூடவே போகும். பலர் சேர்ந்து ஒரு கோப்பில் வேலை செய்வதென்றால் முதலாவது வகையை ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.